சாம்பலுக்கு ஒரு மோட் இல்லை

போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், பீச், ஸ்னோ... கேமராவில் இருக்கிற இந்த சீன் மோட் எல்லாம் எங்கிருந்து வந்துச்சு? நெட்டுக்குப்பத்துல அதை நம்பிப் படம் எடுத்தா என்ன ஆகும்? இன்னைக்கு எபிசோட் அதுதான்.

1938-ல் வந்த சூப்பர் கோடாக் சிக்ஸ்-20, வெளிச்சத்தைத் தானே அளந்து லென்ஸ் துளையைச் சரிசெய்த முதல் கேமரா. ஆனா எதிரே இருக்கிறது கருப்பா, வெள்ளையான்னு ஒளிமானிக்குத் தெரியாது. எல்லாமே சராசரியா நடுத்தர சாம்பல் நிறம்னு எடுத்துக்கும். அதனால வெயில்ல மின்னுற மணல் மங்கலா வரும்; கருப்பான காட்சி வெளுத்துப் போகும். 1983-ல் வந்த நிக்கான் எஃப்ஏ, காட்சியை 5 பகுதியாப் பிரிச்சு அளந்து, அது எந்த மாதிரிக் காட்சின்னு கணிச்சது.

டிஜிட்டல் கேமராவில் காட்சியோட பேரை நாமளே சொல்லிடறோம். பீச் மோட் வெளிச்சத்தைக் கூட்டும். லேண்ட்ஸ்கேப் மோட் நீலத்தையும் பச்சையையும் தூக்கிக் காட்டும். நம்ம கோடிங் பாஷையில, ஒவ்வொரு மோடும் யாரோ எழுதி வெச்ச டீஃபால்ட் செட்டிங்ஸ்.

டீஃபால்ட்டுக்கு வெளியே உலகம் போனா? 2020 செப்டம்பர் 9-ல், காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானமே ஆரஞ்சா மாறிச்சு. பலரோட போன், அந்த ஆரஞ்சைப் பிழைன்னு நினைச்சு, வானத்தைச் சாம்பல் நிறமாத் திருத்திடுச்சு.

இப்போ எண்ணூருக்கு வாங்க. கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். அனல் மின் நிலையச் சாம்பல் அந்தக் கழிமுகத்துல வருஷக்கணக்கா படிஞ்சிருக்கு. 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், படகு, வலை, அலையாத்தி மரம்னு எல்லாத்துலயும் ஒட்டிச்சு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரிச்சது. இப்படிப்பட்ட நேரத்துல போட்டோ வெறும் ஞாபகம் இல்லை, சாட்சி.

அந்த ஆத்தை லேண்ட்ஸ்கேப் மோட்ல எடுத்தா, தண்ணி இருக்கிறதை விட நீலமாத் தெரியும். ஃப்ரேம் முழுக்க எண்ணெய்னா, ஆட்டோ அந்தக் கருப்பை வெளுத்துக் காட்டும்.

அதனால அங்க படம் எடுக்கிறவங்க சீன் மோடை அணைச்சுடுங்க. பகல்ல ஒயிட் பேலன்ஸை 'டேலைட்'ல நிறுத்துங்க. எண்ணெய்க்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைங்க. ஓரத்துல ஒரு வெள்ளைத் தாளை வெச்சு எடுத்தா, நிறம் மாறியிருக்கான்னு பார்க்கிறவங்களே ஒப்பிட்டுக்கலாம். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க. ஃபில்டர் போடணும்னா காப்பியில போடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.