கஸ்தூரிபா நிதிக்குக் கால்கோள் இட்டவர்கள்

அறநிலையம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், நன்கொடையாளர் பட்டியலில் தொடங்கி அதனோடேயே முடித்துவிடுவது வழக்கம். பொருள் ஈந்தவரே நிறுவியவர் என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது. கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு நிதியின் தோற்றத்தை ஆராய்வோர்க்கு அவ்வெண்ணம் முழு உண்மையன்று என்பது விளங்கும்.

1942 ஆகஸ்டில் சிறைப்பட்ட அன்னை கஸ்தூரிபா, பூனாவில் ஆகாகான் மாளிகைக் காவலில் இருந்தபடியே 1944 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார். நாட்டின் முன்னணித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தனர். வெளியில் இருந்த பண்டித மதன்மோகன் மாளவியா முதலிய பெரியோர்கள் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். அண்ணல் காந்தியடிகளுக்கு 75 வயது நிறையும் அக்டோபர் 2க்குள் 75 இலட்சம் ரூபாய் திரட்டுவது அவர்கள் குறிக்கோள். அது போர்க்காலம்; வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம். எனினும் செல்வர்கள் வாரி வழங்கினர். எளியோர் தம்மால் இயன்றதை ஈந்தனர். குறித்த நாளில் சேவாகிராமத்தில் நிதி அண்ணலிடம் அளிக்கப்பட்டது. நாளடைவில் அது ஒரு கோடியையும் கடந்தது.

பொருள் சேர்ந்தது. அதனை எவ்வாறு செலவிடுவது? சிலை எழுப்பியிருக்கலாம், மாநகரொன்றில் மாளிகை கட்டியிருக்கலாம். அறக்கட்டளையின் தலைமை ஏற்ற அண்ணல், அப்பணம் சிற்றூர்களில் வாழும் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே உரியது என்று வகுத்தார். மாகாணந்தோறும் பணியை நடத்தும் பிரதிநிதிகள் பெண்களாகவே இருத்தல் வேண்டும் என்பதும் அவர் விருப்பம். செயலாளர் பொறுப்பைத் தக்கர் பாபா ஏற்றார். பொறியாளர் பதவியைத் துறந்து 1914இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்த அப்பெரியார், அண்ணலையும் அன்னையையும் போலவே 1869இல் பிறந்தவர். ஓய்வு கொள்ள வேண்டிய எழுபத்தைந்தாம் அகவையில் இப்பெருஞ்சுமையைத் தோளில் ஏற்றார்.

உண்மையான இடர் இனித்தான் தோன்றியது. சில திங்களில் பணம் திரண்டது. பணியாளரை அவ்வாறு திரட்ட இயலவில்லை. பேறுகாலம் பார்க்கவும், எழுத்தறிவிக்கவும், கைத்தொழில் கற்பிக்கவும் சிற்றூரிலேயே தங்கி வாழ ஒருப்படும் கற்ற பெண்கள் அந்நாளில் எத்தனை பேர்? எனவே, கிராம சேவிகைகளைப் பயிற்றுவதே முதற்பணி ஆயிற்று. அசாமில் அமலப்பிரபா தாஸ் இப்பொறுப்பை ஏற்றார். 1946 சனவரியில் குவாஹாட்டியின் சரணியாக் குன்றில் அமைந்த ஆசிரமத்தை அண்ணலே தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் அப்பணி டாக்டர் சௌந்தரம் அம்மையாரிடம் வந்தது. செல்வக் குடியில் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்து, தில்லிக்குச் சென்று மருத்துவம் பயின்றவர் அவர். பின்னர் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். 1947இல் இருவரும் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். வெளியூரில் கற்ற கல்வியைத் தாயகத்துச் சிற்றூருக்குக் கொண்டு சேர்த்த அவர் வாழ்வு, பிறமாநிலங்களில் வாழும் நமக்குச் சிறப்பாக நினைக்கத்தக்கது.

இந்நிதியின் வேர் இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றமொன்று, கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா எனப் பொருள்படத் தீர்ப்பளித்தது. அதனால் வெகுண்டெழுந்த பெண்கள் அறப்போரில் இறங்கினர். டிரான்ஸ்வாலில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். சிலர் கைக்குழந்தையோடு சிறை புகுந்தனர். கஸ்தூரிபாவும் மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றார். அவ்வறப்போரில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், பதினாறு வயதில் மறைந்தாள். அந்நாள் 1914 பிப்ரவரி 22. முப்பது ஆண்டுகள் கழித்து, அதே நாளில், அன்னையும் காவலிலேயே மறைந்தார்.

அத்தமிழ்ப் பெண்களுள் பலர் எழுத்தறியாதவர். பிழைப்பை நாடிக் கடல் கடந்த குடும்பத்தினர். நிதிக்கு ஒரு காசும் தந்தவரல்லர். அப்படியொரு நிதி தோன்றும் என்று அறிந்தவருமல்லர். ஆயினும், பெண்ணின் துன்பம் நாட்டின் துன்பம் என்பதைச் சிறை புகுந்து காட்டியவர்கள் அவர்களே. அவர்களையும் கால்கோள் இட்டவர்களாகக் கொள்வது மிகையாகாது.

ஆண்டுதோறும் நம் சங்கங்களும் நிதி திரட்டுகின்றன. வழங்குவோர் பெயரை நன்றியோடு பொறிப்போம், அது முறையே. அப்பொருளை ஓர் ஏழைப் பெண்ணின் வாயில்வரை கொண்டு சேர்ப்பவர் பெயருக்கும் அப்பலகையில் ஓரிடம் ஒதுக்குவோமாக.