தியெஸ்மோ: ஒரு சொல்லும் அதன் சமூக அடிப்படையும்

ஸ்பானிய மொழியில் திருச்சபைக்குரிய விளைச்சல் வரியைக் குறிக்கும் 'தியெஸ்மோ', பத்தாவது எனப் பொருள்படும் 'தெக்கிமுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்ததாகும். ஆயின், பத்திலொன்று என்னும் கணக்கின் நடுநிலைமை வெறுந்தோற்றமே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். விதைத்தானியத்தைக் கழியாது, மொத்த விளைச்சலின்மீதே வரி அறவிடப்பட்டது. 100 மூடை விளைச்சலில் 20 மூடை விதைக்குரியதாயின், உழவர் செலுத்திய 10 மூடை, எஞ்சிய 80இல் எட்டிலொன்றாகும். காஸ்தீலிய முடியரசு இவ்வரியில் ஒன்பதில் இரு பங்கைப் பெற்றமை, அரசுக்கும் திருச்சபைக்குமிடையே நிலவிய நலப்பிணைப்பைக் காட்டும்.

இதனோடு உறவுடைய 'தியெஸ்மார்' என்னும் வினை, பத்திலொன்று செலுத்துதலையும், உரோமப் படைத்தண்டனை வழியாகப் பத்துப்பேரில் ஒருவரைக் கொல்லுதலையும், பேரழிவு விளைத்தலையும் ஒருங்கே குறிக்கும். 1837இல் சட்டத்தால் நீக்கப்பட்ட இவ்வரி 1841இல் ஸ்பெயினில் முற்றாக ஒழிந்தது. அழிவுப்பொருளோ இன்றும் வழங்குகின்றது. சொல்லாராய்ச்சியை உழைப்போர் வரலாற்றினின்றும் பிரித்தல் இயலாது என்பதே நாம் கண்ட முடிபாகும்.