விளக்கைக் காத்தவர்கள்

கடற்கரையில் நின்று கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து நோக்கும்போது அதன் உயரத்தை வியக்கிறோம். கட்டியவர் யார் என வினவுகிறோம். அதனுள் இரவெல்லாம் விழித்திருந்தவர் யார் என நாம் கேட்பதில்லை. இங்கிலாந்தின் எடிஸ்டோன் விளக்கின் வரலாறு அந்த வினாவை நம்முன் வைக்கிறது.

பிளைமவுத் துறைமுகத்திற்கு வெளியே, கரையிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், கடல் பெருகும்போது நீருள் மறையும் பாறைக்கூட்டமே எடிஸ்டோன். அதில் மோதி உடைந்த கலங்கள் பல. அங்குத் தம் கப்பல்களையும் இழந்த ஹென்றி வின்ஸ்டன்லி என்பவர் 1698-ஆம் ஆண்டில் அப்பாறைமீது விளக்கேற்றினார். மாபெரும் புயல் வீசும் இரவில் தம் கோபுரத்தினுள் இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசையாம். 1703 நவம்பரில் அத்தகைய புயல் வந்தது. பழுதுபார்க்கச் சென்று அங்குத் தங்கியிருந்த அவரையும் உடனிருந்தோரையும் கோபுரத்தோடு கடல் கொண்டது.

பின்னர் ஜான் ரட்யர்ட் என்னும் பட்டு வணிகர் 1709-இல் மற்றொரு கோபுரத்தைக் கட்டி முடித்தார். பெரும்பகுதி மரத்தாலான அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அலைகளைத் தாங்கிற்று. அதை அழித்தது நீரன்று, நெருப்பு. 1755 டிசம்பர் 2-ஆம் நாள் உச்சியிலிருந்த விளக்கறை தீப்பற்றிற்று. அப்போது காவலிலிருந்தவர் ஹென்றி ஹால். அவருக்கு வயது 94 என்பர். அம்முதியவர் வாளி வாளியாகத் தண்ணீரை மேல்நோக்கி வீசினார். கூரையின் ஈயம் உருகி அவர்மேல் வழிந்தது. தீயின் வெம்மைக்கு அஞ்சிப் பாறையில் ஒதுங்கிய காவலர்களைப் படகில் வந்தோர் மீட்டனர்.

உருகிய ஈயம் தம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது என்றார் ஹால். மருத்துவர் எட்வர்ட் ஸ்ப்ரை அதை நம்பவில்லை. ஈயத்தை விழுங்கியவர் உயிரோடிருப்பது எங்ஙனம்? பன்னிரண்டு நாள்களில் ஹால் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது வயிற்றினுள் ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள ஈயக்கட்டி இருந்தது. இச்செய்தியை மருத்துவர் இலண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். இப்போது அவரையே கற்றோர் நம்பவில்லை! அந்த ஈயக்கட்டி இன்றும் ஸ்காட்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்து வந்த பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், அடிபருத்த ஓக் மரத்தின் வடிவை மனத்திற்கொண்டு, கற்கள் ஒன்றையொன்று கவ்வுமாறு செதுக்கி அடுக்கினார். 1759 அக்டோபர் 16-ஆம் நாள் அக்கோபுரத்தில் 24 மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. அரைமணிக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்கும். காவலர் எழுந்து, திரிகளின் கருகிய நுனிகளை வெட்டிவிட வேண்டும். புயலாயினும் அமைதியாயினும் இதுவே அவர்தம் இரவு. ஒரு நூற்றாண்டுக்குப்பின் கோபுரம் உறுதியாகவே நின்றது. அதன் அடியிலிருந்த பாறைதான் அரிக்கப்பட்டிருந்தது. ஆகவே, 1882-இல் அருகிலேயே ஜேம்ஸ் டக்ளஸ் புதிய கோபுரம் எழுப்பினார். ஸ்மீட்டனின் கோபுரத்து மேற்பகுதியைப் பிரித்தெடுத்து, பிளைமவுத் கரையில் நினைவுச் சின்னமாக மக்கள் நிறுவினர். அடிப்பகுதி இன்றும் கடலிலேயே நிற்கிறது.

1982-இல் எடிஸ்டோன் தானியங்கி விளக்காயிற்று. காவலர்கள் கரை திரும்பினர். 1998-க்குள் பிரிட்டன் முழுவதிலும் அப்பணியே முடிவுற்றது.

நம் ஊர்களில் குளம் வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். மழையிரவில் மடை காத்தவர் பெயர் இராது. எடிஸ்டோனிலும் அவ்வாறே. வின்ஸ்டன்லி, ரட்யர்ட், ஸ்மீட்டன், டக்ளஸ் எனக் கட்டியவர்களை வரிசையாகச் சொல்கிறோம். காவலர்களுள் ஹாலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அதுவும் ஈயத்தை விழுங்கியதற்காக! விளக்கு அணையாதிருந்த ஆயிரமாயிரம் இரவுகளில் நிகழ்ச்சி எதுவுமில்லை. ஆகையால் எழுதுவதற்கும் எதுவுமில்லை. அந்த இரவுகளில் பாறையை விலகிக் கடந்து வீடு சேர்ந்த மாலுமிகளும், தம்மைக் காத்தவர் யாரென அறிந்ததில்லை.