பெல்ஹாஜ்–பூத்ஷார் கடத்தல் வழக்கு

லிபியாவின் ஆட்சி எதிர்ப்பாளர் அப்துல் ஹகீம் பெல்ஹாஜும் அவர் மனைவி பாத்திமா பூத்ஷாரும் 2004 மார்ச்சில் பாங்காக்கில் பிடிக்கப்பட்டு, லிபிய ஆட்சியாளர் கடாபியின் சிறைக்கு இரகசியமாக அனுப்பப்பட்டது தொடர்பான வழக்கு. கொண்டுபோய்ச் சேர்த்தது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.; துப்புக் கொடுத்தது பிரிட்டன் உளவு அமைப்பான எம்.ஐ.6.

பெல்ஹாஜ், கடாபியை ஆயுதம் ஏந்தி எதிர்த்த லிபிய இஸ்லாமியப் போராளிக் குழுவின் தலைவராக இருந்தவர். சீனாவில் இருந்த தம்பதியர் பிரிட்டனில் தஞ்சம் கேட்கக் கிளம்பி, கோலாலம்பூரில் தடுத்து வைக்கப்பட்டனர். பாங்காக் வழியாக லண்டன் போகலாம் என்று சொல்லி விமானம் ஏற்றினார்கள். பாங்காக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். பூத்ஷார் அப்போது நான்கரை மாதக் கர்ப்பிணி. அவரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் தலை முதல் கால்வரை டேப்பால் சுற்றினார்கள். ஒரு கண் திறந்தபடியே டேப்புக்குள் மாட்டிக்கொண்டது. திரிபோலி வரும்வரை அதை மூட முடியவில்லை என்று அவர் பின்னர் சொன்னார். கர்ப்பிணிப் பெண்ணை இப்படிக் கட்டிக் கொண்டுபோனதை எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பிரசவத்துக்குச் சற்று முன்பு பூத்ஷாரை விடுவித்தார்கள். பெல்ஹாஜ் ஆறு ஆண்டுகள் சித்திரவதைக்கு உள்ளாகி, 2010இல் வெளிவந்தார்.

கடாபி வீழ்ந்த 2011இல், லிபிய உளவுத் தலைவராக இருந்த மூசா கூசாவின் அலுவலகத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. எம்.ஐ.6 அதிகாரி மார்க் ஆலன் 2004 மார்ச் 18 அன்று எழுதியது. பெல்ஹாஜ் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லி, அதற்கான உளவுத் தகவல் பிரிட்டனுடையது என்றும் நினைவூட்டியது. ஒரு வாரத்தில் பிரதமர் டோனி பிளேர் கடாபியை அவர் கூடாரத்தில் சந்தித்தார். அன்றே ஷெல் நிறுவனத்தின் எரிவாயு ஒப்பந்தமும் அறிவிக்கப்பட்டது.

தம்பதியர் பிரிட்டன் அரசுமீது வழக்குத் தொடுத்தனர். பிற நாடுகளின் செயல்களைப் பிரிட்டன் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று அரசு ஆண்டுக்கணக்கில் வாதாடியது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. அதற்கு முன்பே, 2016இல், போதிய ஆதாரமில்லை என்று குற்றவியல் நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தது. 2018 மே 10 அன்று பிரதமர் தெரசா மேயின் மன்னிப்புக் கடிதத்தை அட்டர்னி ஜெனரல் நாடாளுமன்றத்தில் வாசித்தார். பூத்ஷாருக்கு 5 லட்சம் பவுண்டு இழப்பீடு கிடைத்தது. பெல்ஹாஜ் பணம் கேட்கவில்லை, மன்னிப்பைத்தான் கேட்டிருந்தார்.

இது தனித்த நிகழ்வு அல்ல. பிரிட்டன் உளவு அமைப்புகள் கடத்தல்களைப் பரிந்துரைத்த, திட்டமிட்ட அல்லது மற்றவர்கள் முன்வைத்த கடத்தல்களை ஒப்புக்கொண்ட நிகழ்வுகள் 28 என்று நாடாளுமன்றக் குழு 2018 ஜூனில் அறிவித்தது. நீதிபதி தலைமையில் விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை 2019 ஜூலையில் அரசு மறுத்துவிட்டது.