தென்னை வரியும் விஸ்கி வரியும்

அமெரிக்க வரிக் கலகம் என்றால் 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதைதான் வகுப்பில் வரும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தரம் 8, 9 பிள்ளைகளுக்கு அதைவிடச் சிக்கலான 1794 விஸ்கிக் கலகத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். அதையும், மூன்று வருடம் கழித்து இலங்கைக் கரையோரத்தில் வெடித்த 1797 கலகத்துக்குப் பக்கத்தில் வைத்து.

சுதந்திரப் போரின் கடனை அடைக்க, 1791இல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டனின் திட்டப்படி வடிமதுவுக்கு வரி வந்தது. 'விஸ்கி' என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வாங்கில் சிரிப்பு எழும்பும், "கசிப்புப் பிடிக்கிற மாதிரியா சேர்?" என்று ஒருவன் கேட்பான். கேட்கட்டும். அன்று அங்கே வடிப்பது குற்றமில்லை. மேற்குப் பென்சில்வேனியாவிலிருந்து தானியத்தை மலை தாண்டிச் சுமந்து விற்கக் கட்டுபடியாகாது; வடித்துவிட்டால் சுமை குறையும், விலை கூடும். நாணயம் அரிதான அந்த ஊர்களில் கூலிகூட விஸ்கியாகவே கைமாறியது. வரியை மட்டும் காசாகக் கட்டவேண்டும். வழக்கு வந்தால் ஏறக்குறைய 300 மைல் தள்ளிப் பிலடெல்பியாவுக்குப் போகவேண்டும். 1794 யூலையில் வரி அதிகாரி ஜோன் நெவிலின் வீட்டை எரித்தார்கள். ஜனாதிபதி வொஷிங்டன் சுமார் 13,000 பேரைத் திரட்டிப் புறப்பட்டார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்த்து நிற்க ஆளில்லை. தேசத்துரோகக் குற்றவாளிகளாகக் காணப்பட்ட இருவரையும் அவரே மன்னித்தார்.

நம் பக்கம், மட்டக்களப்புக் கோட்டை 1795இலும் கொழும்பு 1796இலும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. கரையோரத்தைச் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி ஆண்டது. வருமானப் பொறுப்பாளர் ரொபர்ட் அன்ட்ரூஸ், சேவைக்கு ஈடாக நிலம் வைத்திருந்த பழைய முறையைக் கைவிட்டார். தென்னைக்கு மரக்கணக்கில் வரி வந்தது. வசூலிக்கச் சென்னையிலிருந்து அமுல்தார்கள் வந்தார்கள். உள்ளூர்த் தலைவர்களான முதலியார்மாரின் அதிகாரம் போயிற்று. ஆகவே 1797இல் கொதித்தவர்கள் ஏழைகள் மட்டுமல்லர். படை வைத்து அடக்கிய பிறகு, படை அதிகாரி டி மியூரோன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. தென்னை வரி கைவிடப்பட்டது, முதலியார்மார் திரும்பினார்கள்.

எழுவான்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. வளவில் நிற்கும் தென்னைகளை எண்ணி வரச் சொல்லுங்கள்: காய்க்கிறது எத்தனை, இன்னும் பாளை தள்ளாத பிள்ளை எத்தனை, வண்டடித்துக் குருத்துப் போனது எத்தனை. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்று சொல்லிப் பாருங்கள். 1978 நவம்பர் சூறாவளியில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்ததை அம்மம்மாமார் இன்றும் சொல்வார்கள். அந்த வருடம் மரக்கணக்கில் வரி கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வீட்டில் கேட்டு வரட்டும். பென்சில்வேனியா விவசாயியின் கோபம் அதற்குப் பிறகு தானாக விளங்கும்.

ஒற்றுமையோடு நிறுத்தினால் பாடம் பாதிதான். விஸ்கி வரியை விதித்தது தேர்தலால் வந்த காங்கிரஸ். அதில் பென்சில்வேனியாவின் உறுப்பினர்களும் இருந்தார்கள். எனவே பொஸ்டனில் எழுந்த 'எங்களுக்குப் பிரதிநிதி இல்லை' என்ற வாதம் இங்கே அப்படியே பொருந்தாது. நம் கரையோரத்தில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்டது ஒரு வியாபாரக் கம்பனி. அந்தக் கம்பனி தன் வரியைச் சீக்கிரமே கைவிட்டது. வாக்களித்த மக்களுக்கு விஸ்கி வரி நீங்க 1802 வரை, ஜெபர்சன் ஆட்சி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த ஆட்சி நல்லது என்று பிள்ளைகள் இதை வைத்து அவசரமாக முடிவுகட்டுவார்கள். ஆசிரியர் அங்கே குறுக்கிட வேண்டும். கம்பனி இறங்கிவந்தது நியாயத்துக்காக அல்ல, முதலியார்மார் இல்லாமல் நாட்டை ஆள முடியாது என்பதற்காக.

எனக்கு ஒரேயொரு பாடவேளைதான் தருவார்களென்றால் 1797ஐத்தான் முதலில் எடுப்பேன். ஆசிரியர்களே, தவணைப் பரீட்சையில் ஆண்டுகளைக் கேட்காதீர்கள். இரண்டு ஊரிலும் வரி கட்டக் காசு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேளுங்கள்.