மைட்டோகாண்ட்ரியச் சவ்வுக் கடத்தல்

செல்லுக்கு வேண்டிய ஆற்றலைத் திரட்டித் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் போரின் என்னும் புரதம் துளைகளை அமைத்திருப்பதால், ஏறத்தாழ 5,000 டால்டன் வரையுள்ள மூலக்கூறுகள் எளிதில் கடந்துவிடும். உட்சவ்வு அப்படியன்று. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவை நீங்கலாக, பெரும்பாலான பொருள்களுக்குத் தனித்தனிக் கடத்திப் புரதம் வேண்டும். புரோட்டானைக்கூட எளிதில் கசியவிடாத இந்த இறுக்கமே, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே ஆற்றல் ஆக்கத்துக்கு உந்துவிசை என்று உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்து 1978இல் நோபல் பரிசு பெற்ற கொள்கையின் அடித்தளம்.

கடத்திகளுள் தலையாயது, அடினோசின் இருபாஸ்பேட்டை உள்ளே எடுத்துக்கொண்டு, ஆற்றலைச் சுமக்கும் அடினோசின் முப்பாஸ்பேட்டை வெளியே அனுப்புவது. மனித உடல் ஒரு நாளில் ஏறக்குறையத் தன் எடைக்கு நிகரான முப்பாஸ்பேட்டை ஆக்கிச் செலவழிக்கிறது. அதில் பெரும்பகுதி இந்த ஒரே வாயில் வழியாகத்தான் வெளிவருகிறது.

இந்தக் கடத்தியைப் பற்றிய அறிவை இரண்டு நஞ்சுகள் தந்தன. முதலாவது அட்ராக்டிலோசைடு. மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் ஒரு முட்செடியின் வேரிலிருந்து 1868இல் லெஃப்ராங்க் என்பவர் இதைப் பிரித்தெடுத்தார். அந்த வேரைத் தின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இரண்டாவது பொங்கிரெக்கிக் அமிலம். ஜாவாவின் ஏழை மக்கள் தேங்காய்ப் பிண்ணாக்கைப் பூஞ்சையிட்டுப் புளிக்கவைத்து உண்ட தெம்பே பொங்கிரெக்கில், சில வேளைகளில் ஒரு பாக்டீரியா பெருகி இந்த அமிலத்தைச் சுரந்தது. ஊர் ஊராக உயிர்கள் போயின. வான் வீன், மெர்டென்ஸ் என்ற டச்சு ஆய்வாளர்கள் 1930களில் நஞ்சை இனங்கண்டார்கள். அந்த உணவை இந்தோனேசிய அரசு தடைசெய்தது 1988இல்தான். 2015இல் மொசாம்பிக்கில் வீட்டில் காய்ச்சிய பீரில் கலந்திருந்த இதே நஞ்சு 75 பேரைக் கொன்றது.

இரண்டும் ஒரே கடத்தியைத்தான் முடக்குகின்றன, ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து. அட்ராக்டிலோசைடு அதை வெளிநோக்கித் திறந்த நிலையில் பூட்டுகிறது. பொங்கிரெக்கிக் அமிலம் உட்புறமாக நுழைந்து உள்நோக்கித் திறந்த நிலையில் பூட்டுகிறது. ஒரே பிணைப்பிடம் மாறி மாறி இருபுறமும் திறக்கிறது என்று மியூனிக்கின் மார்ட்டின் கிளிங்கன்பெர்க் இதிலிருந்து உய்த்துணர்ந்தார். முதல் நிலையின் முப்பரிமாண வடிவம் 2003இல் பிரான்சிலும், இரண்டாவது 2019இல் கேம்பிரிட்ஜிலும் வெளிப்பட்டன. கடத்திகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே இயங்குகின்றன என்ற பழைய கருத்து நிலைக்கவில்லை; தனி மூலக்கூறே போதும்.

இந்தக் கடத்தி சேர்ந்த புரதக் குடும்பத்தில் மனிதருக்கு 53 கடத்திகள் உள்ளன. இவை தவிர, கால்சியம் புகும் வாயிலின் புரதம் 2011இலும், பைருவேட் கடத்தி 2012இலும் அடையாளம் காணப்பட்டன. மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டி.என்.ஏ.வைக் கொண்டு 13 புரதங்களை மட்டுமே ஆக்குவதால், ஏனைய ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தனி இறக்குமதிப் புரதத் தொகுதிகள் வழியே வெளியிலிருந்து வருகின்றன.