அம்மாவின் மஞ்சப்பையும் 14 இலக்க நம்பரும்

ஊரிலிருந்து அம்மா காட்கோபருக்கு வரும்போதெல்லாம் ஊறுகாய் பாட்டிலோடு ஒரு மஞ்சப்பையும் வரும். உள்ளே பத்து வருஷத்து ரிப்போர்ட்டுகள். போன தடவை பையை ஊரிலேயே மறந்துவிட்டார். வந்த இடத்தில் காய்ச்சல். "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்றார் டாக்டர். நான் முழித்தேன். ஊரிலிருக்கும் தங்கைக்கு போன் போட்டு, அவள் பையைக் குடைந்த பிறகுதான் பெனிசிலின் ஆகாது என்று தெரிந்தது.

அன்றிலிருந்து இந்த வங்கிக்காரனுக்கு ஒரே யோசனை. இங்கிருந்து அனுப்பும் பணம் கோவில்பட்டிக்கு நொடியில் போகிறதே, எப்படி? எல்லா வங்கிகளும் ஒரே முறையை ஒத்துக்கொண்டதால். ஐஎஃப்எஸ்சி என்றால் 11 எழுத்து. முதல் நாலு வங்கி, அடுத்து ஒரு பூஜ்யம், கடைசி ஆறு கிளை. மருத்துவக் குறிப்புக்கு அப்படி எதுவும் இல்லையா?

இருக்கிறதுங்க, ரொம்ப நாளாகவே! ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச 1987-ல் அமெரிக்காவில் ஹெச்எல்7 அமைப்பு தொடங்கியது. ஸ்கேன் படங்களுக்கு 1993-ல் டைகாம் வந்தது. மூணு மாச சர்க்கரைக் கணக்கை ஒரு லேப் 'ஹெச்பிஏ1சி' என்று போடும், இன்னொன்று 'கிளைகேட்டட் ஹீமோகுளோபின்' என்று போடும். லாயிங்க் என்ற பட்டியலில் அதற்கு ஒரே எண்: 4548-4. பெயர் எதுவானாலும் கம்ப்யூட்டர் குழம்பாது.

நம் மத்திய அரசு 2013-ல் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரங்களை அறிவித்து, 2016-ல் திருத்தியது. ஆனால் காகிதத்தில் தரம் இருந்தால் போதுமா? ஒரு ஆளின் குறிப்புகளைக் கோக்க ஒரு நம்பர் வேண்டாமா? அதற்கான திட்டம் 2020 ஆகஸ்ட் 15-ல் ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டமாக ஆரம்பித்து, 2021 செப்டம்பர் 27-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனாக நாடு முழுக்க வந்தது. அதில் கிடைப்பதுதான் 'ஆபா' என்ற 14 இலக்க எண். ரிப்போர்ட்டுகள் ஒரே இடத்தில் குவிவதில்லை. எடுத்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நாம் சம்மதம் சொன்னால்தான் அடுத்த டாக்டர் பார்க்கலாம்.

ஆனால் இது கட்டாயமில்லை. பேனாவால் சீட்டு எழுதும் தெருமுனை டாக்டரின் குறிப்பு தானாக வந்து சேராது. அம்மாவின் பெனிசிலின் சமாச்சாரமே அப்படி ஒரு சீட்டில்தான் இருந்தது!

அம்மாவுக்கு ஆபா எடுத்தாகிவிட்டது. மஞ்சப்பையை மட்டும் இன்னும் தூக்கிப் போடவில்லை. ஒத்துக்காத மருந்தின் பெயரை எழுதி அம்மாவின் பர்ஸிலும் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த மருந்து ஆகாது, உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டு வையுங்கள்.